படித்துவிட்டுத் திட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் சித்திரக்கதைகளும் ஆங்கில மாயாஜால நாவல்களும் நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்ததே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆணும் ஆணும் காதலிக்கிறார்கள், பெண்ணும் பெண்ணும் காதலிக்கிறார்கள், இதெல்லாம் நமக்கு வேண்டாத இறக்குமதிச் சரக்கு, பிள்ளை கையில் பார்த்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். கட்டுரை முழுக்கத் தேடினேன், ஒரு புத்தகத்தின் பெயர் இல்லை, ஒரு கதாபாத்திரத்தின் பெயர் கூட இல்லை. அவர் எதையும் படிக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படித்திருந்தால் இதைவிட நன்றாகத் திட்டியிருப்பார். திட்டுவதற்கு அந்தப் புத்தகங்களில் எவ்வளவோ இருக்கிறது, நானே திட்டப்போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், வேலை மலையாளத்தில், சண்டையும் சமாதானமும் தமிழில். மாத நாவல் படித்து வளர்ந்தவள், சோழர் காலத்துச் சரித்திர நாவல் எங்கள் ஊர் வாசகசாலையின் தமிழ் அலமாரியில் எத்தனை இருந்ததோ அத்தனையும் முடித்தவள். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள்தான், "அத்தை, ராஜா ராணிக் கதைன்னா விடமாட்டீங்களே, இதைப் படிச்சுப் பாருங்க" என்று ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தாள். என் ஆங்கிலம் நிதானமாகத்தான் ஓடும். ஆனால் யார் சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிறார்கள், யார் விஷம் வைக்கிறார்கள் என்று தெரியவேண்டும் என்றால் எந்த மொழியிலும் படித்துவிடலாம்.

அது தாஷா சூரி எழுதிய 'தி ஜாஸ்மின் த்ரோன்'. 2021-ல் வந்து, அடுத்த வருடமே வேர்ல்ட் ஃபேன்டசி விருது வாங்கிய நாவல். எழுதியவர் இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபிக் குடும்பத்துப் பெண், கதை நடப்பதும் நம் நாட்டைப் பார்த்துக் கற்பனை செய்த ஒரு தேசத்தில், சேலை கட்டிய பெண்கள்தான் நடமாடுகிறார்கள், ஆகவே இறக்குமதி என்ற பேச்சை இந்த ஒரு புத்தகத்துக்காவது ஓரமாக வைத்துவிடலாம். சக்கரவர்த்தியான அண்ணன் தங்கை மாலினியைத் தீயில் இறங்கச் சொல்கிறான், அவள் மாட்டேன் என்கிறாள், அதற்காக அவளை அடிமை நாடு ஒன்றில், மலைமேல் பாழடைந்து கிடக்கும் கோயிலில் சிறைவைக்கிறான். அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்க ஏறிவரும் வேலைக்காரிகளில் ஒருத்தி ப்ரியா. சின்ன வயதில் அதே கோயிலில் வளர்ந்தவள், அவளோடு வளர்ந்த பிள்ளைகளை எரித்துவிட்டார்கள், அவளிடம் அந்தக் கோயிலின் பழைய சக்தி மிச்சம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. நாட்டில் மனிதர்களின் தோலுக்குள்ளிருந்து செடியும் பூவும் முளைக்கும் ஒரு நோய் வேறு பரவிக்கொண்டிருக்கிறது. படிக்கும்போது இரண்டு முறை கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் வரும் காதலுக்கு எது தடை என்று பாருங்கள். ஒருத்திக்குச் சாம்ராஜ்யம் வேண்டும், இன்னொருத்திக்குத் தன் மண்ணுக்கு அந்தச் சாம்ராஜ்யத்திலிருந்து விடுதலை வேண்டும். அது தீராத வழக்கு. மாலினி பொய் சொல்கிறாள், ஆளைப் பயன்படுத்திக்கொள்கிறாள், முத்தம் கொடுக்கும்போதும் மனதுக்குள் ஒரு பக்கம் கணக்கு ஓடுகிறது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான். சிறுபான்மை ஆளைக் கதையில் கொண்டுவரும்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு பயம் வந்துவிடும், எங்கே தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று அந்த ஆளை உத்தமராக்கி, நாலு நல்ல வசனம் கொடுத்து, மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். மாலினிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவளுக்குக் கெட்டவளாக இருக்கும் உரிமை கிடைத்தது, அதிகார ஆசை கிடைத்தது, மூன்று பாகத்துக்கும் அவளே கதையை இழுத்துக்கொண்டு போகிறாள்.

அதற்கப்புறம் சமந்தா ஷானன் எழுதிய 'தி ப்ரயரி ஆஃப் தி ஆரஞ்சு ட்ரீ', 2019-ல் வந்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல் வரும். படுத்துக்கொண்டு படிக்க முயற்சி செய்யாதீர்கள். அதில் ஒரு ராணி, அவள் வம்சத்தில் வாரிசு இருக்கும்வரை ஒரு பெரிய டிராகன் பாதாளத்திலிருந்து எழாது என்று நாடே நம்புகிறது. அவளைக் காப்பாற்ற ரகசியமாக அனுப்பப்பட்டவள், தோழி வேஷத்தில் அரண்மனையில் இருக்கும் மந்திரக்காரி. இவர்களுக்குள் காதல். அந்த நாட்டில் பெண்ணைப் பெண் நேசிப்பது குற்றமே இல்லை, யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் ராணி பிள்ளை பெற்றே ஆகவேண்டும். அவள் வயிறு நாட்டின் கோட்டைச்சுவர். வாரிசு வாரிசு என்று மந்திரிகள் அவளை அரிப்பதைப் படித்தபோது எனக்கு டிராகன் ஞாபகமே வரவில்லை, எங்கள் தெருவில் கல்யாணமாகி மூன்று வருடமான ஒரு பெண்ணிடம் போகிறவர் வருகிறவர் எல்லாம் 'விசேஷம் உண்டா' என்று கேட்பதுதான் வந்தது. ஒருபால் காதல் கதை என்று கொடுத்தார்கள், உள்ளே இருந்தது கல்யாணமான பெண்கள் எல்லோருடைய கதை.

எதிர்ப்பே இல்லாத உலகமா, எதிர்ப்பு இருக்கும் உலகமா, எது நல்ல கதை என்று எனக்கும் அண்ணன் மகளுக்கும் ஓயாத வாக்குவாதம். அவளுக்கு எதிர்ப்பே இல்லாத உலகம் வேண்டும். நிஜத்தில் தினமும் பார்க்கிறோமே, கதையிலாவது கொஞ்சம் மூச்சு விடட்டும் என்பாள். எனக்கு அது சில சமயம் உப்பில்லாமல் தெரிகிறது. ஊர் முழுக்க எல்லோரும் நல்லவர்கள், தேநீர் குடிக்கிறார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்றால் நான் அந்த ஊரை நம்புவதற்குக் கொஞ்சம் சிரமப்படுகிறேன். ஆனால் அவள் தோழி ஒருத்தி, வீட்டில் சொல்ல முடியாத விஷயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு விடுதியில் இருக்கிறவள், அந்த மாதிரிப் புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாளாம். அதைக் கேட்ட பிறகு உப்பைப் பற்றி நான் அவளிடம் பேசுவதில்லை. உங்களிடம் பேசுகிறேன்.

சரி, திட்டுவதாகச் சொன்னேன். என் முதல் புகார் சாவு. இந்த வகை நாவல்களில் பழைய தலைமுறைக்கு 1989-ல் வந்த மெர்சிடிஸ் லாக்கியின் 'மேஜிக்ஸ் பான்' ஒரு முக்கியமான புத்தகம். வான்யெல் என்று ஒரு பையன், சங்கீதப் பைத்தியம், வாள் பிடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவன், இவன் ஆம்பளையாக மாட்டான் என்று அப்பா அவனைத் தன் அக்காள் வீட்டுக்கு விரட்டிவிடுகிறார். அந்த அத்தை பெரிய வீராங்கனை. அவளிடம் பயிற்சி பெறும் இன்னொரு பையனோடு இவனுக்குக் காதல் வருகிறது, அத்தைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. (அத்தைகளை இவ்வளவு மரியாதையாக எழுதிய வேறு புத்தகம் நான் பார்த்ததில்லை, அதற்காகவே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.) ஆனால் அந்தக் காதலன் முதல் பாகத்திலேயே பழிவாங்கும் வெறியில் எல்லாவற்றையும் இழந்து தற்கொலை செய்துகொள்கிறான். மூன்றாம் பாகத்தில் நாட்டுக்காக வான்யெலும் உயிரைக் கொடுக்கிறான். பிறகு அவனுடைய இரண்டாவது காதலனும் செத்து, ஆவிகளாக ஒரு காட்டைக் காத்துக்கொண்டு ஒன்றாக இருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு முத்துப்பட்டன் ஞாபகம் வந்தான், மதுரைவீரன் ஞாபகம் வந்தான். சாதி மாறிக் காதலித்தவனை உயிரோடு இருக்கும்வரை துரத்துவோம், வெட்டுவோம், மாறுகால் மாறுகை வாங்குவோம், செத்த பிறகு சிலை வைத்துப் பொங்கல் வைப்போம், கண்ணீர் விட்டு வில்லுப்பாட்டுப் பாடுவோம். உயிரோடு வாழவிட மட்டும் மனசு வராது. அந்த அமெரிக்காக்காரரும் அதையேதான் செய்திருக்கிறார், ஆவியாக்கிச் சேர்த்துவைத்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு நாயகனை மாயாஜால நாவலில் நிறுத்தியதே பெரிய காரியம் என்று தெரியும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு எழுதுகிறவர்களும் கடைசி அத்தியாயத்தில் இரண்டில் ஒருத்தரைக் கொன்றால்தான் காவியம் என்று நினைத்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு, யார் விறகு பொறுக்குவது என்று வாக்குவாதம் செய்துகொண்டு, கிழவர்கள் ஆகட்டுமே.

இரண்டாவது புகார், ஒளித்துவைப்பது. 'செய்லர் மூன்' என்ற மங்காவில், அதாவது ஜப்பான் சித்திரக்கதையில், ஹருக்கா, மிச்சிரு என்று இரண்டு பெண்கள் ஜோடியாக இருப்பார்கள். நவோகோ தகேவுச்சி அதை வரைய ஆரம்பித்தது 1991-ல். அதன் கார்ட்டூனை வட அமெரிக்காவுக்காக 2000-ல் ஆங்கிலம் பேசவைத்தவர்கள், பிள்ளைகள் பார்ப்பதாயிற்றே என்று பயந்து, இருவரையும் மாமன் மகள் அத்தை மகள் மாதிரி உறவுக்காரப் பெண்கள் ஆக்கிவிட்டார்கள். பார்வையும் கொஞ்சலும் அப்படியே இருக்கிறது, வசனத்தில் மட்டும் சொந்தம். அவர்கள் ஊரில் அது காதலை மறைக்கும் வழி போலிருக்கிறது. நம் ஊரில் அத்தை பிள்ளை மாமன் பிள்ளை என்றால் கட்டிக்கொள்ளும் முறையாயிற்றே, என் அம்மாவிடம் சொன்னால் 'அப்போ முறைதானே, அப்புறம் என்ன' என்று கேட்டிருப்பார். சீனத்தில் இணையத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஒரு மந்திரவாதிக் காதல் நாவல் 2019-ல் 'தி அன்டேம்டு' என்று தொடராக வந்தபோது, அங்கே தணிக்கை இருப்பதால் காதலர்கள் உயிர் நண்பர்கள் ஆனார்கள். ஐம்பது எபிசோடு, ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பது மட்டும். நடித்தவர்கள் கண்ணாலேயே கதையைச் சொல்லிவிட்டார்கள், அது அவர்கள் சாமர்த்தியம். தணிக்கைக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை.

இதைவிட எரிச்சல், தணிக்கையே இல்லாத இடத்தில் ஒளித்துவைப்பது. ஹாரி பாட்டர் ஏழு புத்தகமும் வந்து விற்றுத் தீர்ந்த பிறகு, 2007 அக்டோபரில் ஒரு மேடையில் எழுத்தாளர் சொன்னார், கதையில் வரும் மந்திரப் பள்ளியின் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்று. புத்தகத்தில் அதை நேராகச் சொல்லும் ஒரு வரி இல்லை. தைரியம் இருந்தால் உள்ளே எழுதியிருக்க வேண்டும். வெளியே வந்து சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே மாதிரி, எல்லா நண்பர்களையும் காதலர்களாக்கிப் படம் வரையும் ரசிகக் கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை, இதில் என் அண்ணன் மகளும் சேர்த்தி. கோப்பெருஞ்சோழன் உயிர்விட வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து நடந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அது நட்பு, அதன் மகத்துவமே அதுதான். நட்பு நட்பாகவும் காதல் காதலாகவும் இருக்கட்டும், இரண்டையும் எழுதத் தெரியவேண்டும்.

மங்காவுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் அதை ஏதோ நேற்று இணையத்தில் முளைத்த காளான் போலப் பேசுகிறார். பையனும் பையனும் காதலிக்கும் கதையை ஜப்பானில் ஆரம்பித்துவைத்தவர்கள் இளம் பெண்கள், 1949-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அதற்கு முன்னால் பெண்பிள்ளைகள் படிக்கும் சித்திரக்கதைகளைக் கூடப் பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். மோட்டோ ஹாகியோவின் 'தி ஹார்ட் ஆஃப் தாமஸ்' 1974-ல் வந்தது, ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி, ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு உயிரைவிடும் ஒரு பையன், அந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டு மூச்சுத்திணறும் இன்னொருவன். கெய்கோ தகேமியா தன் கதையை அச்சில் பார்க்கப் பல வருடம் பத்திரிகைக்காரர்களோடு மல்லுக்கட்டி, 1976-ல்தான் ஜெயித்தார். படித்தவர்கள் பள்ளிக்கூடப் பெண்கள். இன்றைக்குப் பாட்டி வயதாகிவிட்ட வாசகிகள் அவர்கள்.

ஏன் பெண்கள் இரண்டு ஆண்களின் காதலைப் படிக்கவேண்டும்? இதற்குப் பெரிய படிப்பாளிகள் விளக்கம் வைத்திருப்பார்கள், நான் என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆண் பெண் காதல் கதை படித்தால் என் மனசு பாதியிலேயே கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடும். இவள் வேலையை விடுவாளா, எத்தனை பவுன் போடவேண்டும், மாமியார் எப்படி, முதல் பிரசவம் யார் செலவு. அத்தனை வருடம் பார்த்த கல்யாணங்கள் எல்லாம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஆண்கள் என்றால் அந்தக் கணக்குப் புத்தகம் எனக்குத் திறப்பதில்லை. யாருக்கு யார் அடங்கவேண்டும் என்று ஊர் முன்கூட்டியே தீர்மானித்துவைக்காத ஒரு காதலைத் தள்ளி நின்று பார்க்கிறேன். அதில் அந்தப் பெண் நான்தானா என்று கேட்டுக்கொள்ளவேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஓய்வு, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஓய்வுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை வேறு ஒருத்தர் கொடுக்கிறார். 1992-ல் ஜப்பானில் ஒரு பெண்ணியச் சிற்றிதழில், தன்பாலீர்ப்புள்ள ஆண் ஒருவர் இதே மாதிரி கோபமாக எழுதினார். நீங்கள் வரையும் அழகுப் பையன்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை, எங்களை வைத்து விளையாடுகிறீர்கள் என்பதுதான் சாரம். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று சில வருடம் சண்டை ஓடியது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பழைய கதைகள் பலவற்றில் வேண்டாம் என்று சொல்கிறவனைக் கட்டாயப்படுத்துவதுதான் காதலின் ஆரம்பம் என்று வரைந்திருப்பார்கள். கையைப் பிடித்து இழுக்கும் நாயகனைத் தமிழ் சினிமாவில் எத்தனை வருடம் பார்த்து வெறுத்திருப்போம், அது ஆணுக்கு ஆண் என்றால் மட்டும் அழகாகிவிடாது. பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கிற பிள்ளைகளை வைத்துப் பெரியவர்கள் சமாசாரத்தை வரைவதும் எனக்கு ஒப்பாது, அப்படி வந்ததைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கட்டுரையாளர் இதையெல்லாம் எழுதியிருந்தால் நானே பக்கத்தை வெட்டி ஒட்டிவைத்திருப்பேன். அவர் கோபப்பட்டது காதலர்கள் இரண்டு பேரும் ஆண்கள் என்பதற்கு மட்டும்.

அவருக்கு நான் சிபாரிசு செய்வது கெங்கோரோ தகாமேயின் 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்'. இதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. வரைந்தவர் தாமே தன்பாலீர்ப்பாளர், அதற்கு முன்னால் வயது வந்தவர்களுக்கான படங்களை வரைந்து பேர் வாங்கியவர், 2014 முதல் 2017 வரை ஒரு பொதுஜனப் பத்திரிகையில் இதைக் குடும்பக் கதையாக வரைந்தார். யாயிச்சி என்று ஒரு ஆள், மனைவியைப் பிரிந்து மகளைத் தனியாக வளர்க்கிறான். அவனுடைய இரட்டைச் சகோதரன் கனடாவில் இறந்துபோனான். ஒரு நாள் வாசலில் தாடியும் மீசையுமாக மலைபோல ஒரு வெள்ளைக்காரன், மைக், நான் உன் தம்பியின் கணவன் என்று வந்து நிற்கிறான். மகளுக்கு ஒரே குஷி. ஆணும் ஆணும் கல்யாணம் செய்யலாமா என்று கேட்கிறது குழந்தை, அங்கே முடியும் இங்கே முடியாது என்றதும் அதென்ன அப்படி என்று விழிக்கிறது. எங்களுக்கு அந்தக் குழந்தையின் குழப்பம் நன்றாகப் புரியும். எங்கள் சித்தூர் வட்டாரத்துக் கள்ளுதான் கேரளம் முழுக்கப் போகிறது, லாட்டரிச் சீட்டு பஸ் ஸ்டாண்டில் தொங்குகிறது, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் இரண்டும் குற்றம். ஆள் அதே ஆள்தான்.

அதில் யாயிச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தவன். அவன் நல்லவன், ஆனால் கூச்சப்படுகிறான். மனதில் முகம் சுளித்து ஒன்று நினைப்பான், படத்தில் அது ஒரு கட்டத்தில் வரும், அடுத்த கட்டத்தில் வாயில் வேறு ஒன்று சொல்வான். மகளின் தோழியின் அம்மா, அந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்பமாட்டேன் என்கிறாள், பிள்ளை கெட்டுப்போகுமாம். உங்கள் கட்டுரையை அந்த அம்மாவே எழுதியிருக்கலாம். பக்கத்துப் பையன் ஒருவன், பள்ளியில் படிக்கிறவன், தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாமல், மைக்கைத் தேடிவந்து பேசுகிறான். முழுக் கதையிலும் யாரும் பெரிதாகக் கத்துவதில்லை. சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், இறந்தவனைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார்கள், தம்பியோடு ஏன் பேசாமல் விட்டோம் என்று அண்ணன்காரன் மெல்ல உணர்கிறான். நான் அழுதேன். பால் சங்கத்தில் மாதக் கணக்கு முடிக்கிற அவசரத்தில் அழுதேன்.

இறக்குமதி என்ற குற்றச்சாட்டுக்கு ஒன்றே ஒன்று. கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊர் வழியாக மாலை போட்ட சாமிமார்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், அரிகரசுதனே என்று சரணம் விளிக்கிறார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் பிள்ளை. அதைப் பாடிக்கொண்டே நாம் மலை ஏறுகிறோம். இதை வைத்து நம் முன்னோர்கள் ஒருபால் காதலை எல்லாம் கொண்டாடினார்கள் என்று சொல்ல நான் வரவில்லை, அந்தக் கதையிலும் திருமால் மோகினியாகப் பெண்ணுருவம் எடுத்தால்தான் காரியம் நடக்கிறது. ஆனால் இந்த மாதிரி ஒன்றை நினைத்துப் பார்க்கவே நமக்குத் தெரியாது, ஜப்பான்காரர்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்றால் சிரிப்பு வருகிறது.

டாக்டர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை, ஆசிரியர் அவர்களே, இதை நீங்கள் அச்சிட்டிருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-ல். நம் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவிலிருந்து வயது வந்தோரின் விருப்ப உறவை விடுவித்தது 2018 செப்டம்பர் 6. கல்யாண உரிமையை 2023-ல் அதே நீதிமன்றம் தரவில்லை, அது வேறு வருத்தம். ஆனால் மருத்துவம் செய்து மாற்றுகிறேன் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனிலேயே தடுத்துவிட்டது. அப்படிச் செய்யும் டாக்டர் தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் சொல்லிவிட்டது. உங்கள் கட்டுரையை நம்பி ஒரு அப்பா அம்மா தங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்? அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மற்றதற்கு வேண்டாம், கருத்து யாருக்கும் இருக்கலாம்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. மலையாளத்தில் 2023-ல் பெரிய நடிகரான மம்மூட்டியே 'காதல் – தி கோர்' படத்தில், கல்யாணமாகிப் பல வருடம் மனைவியிடமும் தன்னிடமும் ஒளிந்து வாழ்ந்த ஒரு ஆளாக நடித்தார், ஜோதிகா அந்த மனைவி. இங்கே குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். அது நடப்பியல் கதை. தமிழில் ராஜா ராணிக் கதைக்கு என்ன குறை? விக்கிரமாதித்தன் கூடு விட்டுக் கூடு பாய்கிறான், வேதாளம் பேசுகிறது, பதுமைகள் சிரிக்கின்றன, சரித்திர நாவல் என்றால் நாயகனுக்கு இரண்டு இளவரசியும் ஒரு நாகக்கன்னியும் சர்வசாதாரணம். அந்த இளவரசிகள் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பிவிட்டு அவனை அம்போ என்று விட்டால் கதை எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சின்ன வயதிலேயே நினைத்ததுண்டு, அவன் அப்படி ஒரு தற்பெருமைக்காரன். உங்கள் தீபாவளி மலருக்கு ஒரு மாயாஜாலக் கதைப் போட்டி வையுங்கள், இந்த மாதிரிக் காதலும் வரலாம் என்று ஒரு வரி சேருங்கள். ஒரே ஒரு நிபந்தனை போடலாம், கடைசிப் பக்கத்தில் யாரையும் கொல்லக்கூடாது.

கட்டுரையாளருக்கு 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்' இரண்டு தொகுதியும் அனுப்ப நான் தயார். அவர் முகவரியை உங்கள் அலுவலகம் கேட்டுத் தரவேண்டும், தபால் செலவு என்னுடையது. புத்தகம் என் அண்ணன் மகளுடையது, மூலை மடிக்காமல், காபி சிந்தாமல் திரும்பி வரவேண்டும் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்